கட்சிக்குள் சண்டை வந்தால் போஸ்டரில் எங்கே பார்ப்பது: தேனி அச்சகக்காரன் சொல்லும் வழி

2022 ஜூன் மாதம், மூன்றாவது வாரம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். குனிந்து உள்ளே வந்தவர் பழைய வாடிக்கையாளர், கட்சியில் சின்னப் பொறுப்பில் இருக்கிறவர். கையில் நான் அடித்துக் கொடுத்த பொங்கல் வாழ்த்து போஸ்டர். மேஜையில் விரித்தார்.

"அண்ணே, இதே டிசைன், இதே கலர். இவரை மட்டும் எடுத்துடுங்க."

"எடுத்துட்டா அந்த இடம் காலியா நிக்குமே தம்பி?"

"இன்னொருத்தரைக் கொஞ்சம் பெருசாக்கி நடுவுல கொண்டாந்துருங்க. காலியாவே தெரியாது."

எந்தப் படத்தை எடுக்கச் சொன்னார் என்று நான் சொல்லப் போவதில்லை. என் கடை தேனியில் இருக்கிறது, அது போதும். அந்த வேலையை முடித்துக் கொடுத்த நாலைந்து நாளில், ஜூன் 23ஆம் தேதி சென்னை வானகரத்தில் அதிமுக பொதுக்குழு கூடியது. 23 தீர்மானங்களையும் நிராகரிக்கிறோம் என்று மேடையில் சத்தம் போட்டார்கள், ஓ. பன்னீர்செல்வம் பாதியில் இறங்கிப் போனார், அவரை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. டிவியில் பார்த்தவர்கள் அதிர்ச்சி அடைந்தார்கள். எனக்கு அதிர்ச்சி இல்லை, கோரல்டிராவில் அந்தப் படத்தை நான் ஏற்கெனவே எடுத்துவிட்டேனே.

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்: கட்சி உடையுமா, ஜெயிக்குமா, தோற்குமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். எல்லாக் கட்சிக்காரர்களும் எனக்கு வாடிக்கையாளர்கள், யார் பக்கமும் நான் பேசவில்லை. உதாரணங்கள் அதிமுகவிலிருந்து அதிகம் வரும். எங்கள் மாவட்டத்தில் அந்தக் கட்சியின் சண்டையை மூன்று தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் காரணம்.

முதலில் படங்களைப் பாருங்கள்

டிவியில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதை விடுங்கள். காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். போஸ்டருக்கு ஒரு வரிசை உண்டு. மேலே மறைந்த தலைவர்கள் சின்ன வட்டங்களில், நடுவில் இன்றைய தலைமை, ஓரத்தில் மாவட்டம், கீழே ஒட்டுகிறவர். இந்த வரிசை மாறினால் யாரோ மாற்றச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். மெஷின் தானாக மாற்றாது.

2017 செப்டம்பர் 12 பொதுக்குழுவில் ஓ.பி.எஸ். ஒருங்கிணைப்பாளர், எடப்பாடி கே. பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர் என்று முடிவான பிறகு, அடுத்த ஐந்து வருடம் நான் அடித்த ஒவ்வொரு போஸ்டரிலும் இரண்டு முகமும் ஒரே அளவு. ஒரே அளவு என்றால் ஸ்கேல் வைத்து அளக்கிற ஒரே அளவு. ஒருவர் காது மடல் கொஞ்சம் மேலே போய்விட்டது என்று ப்ரூஃபைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. இப்படி அளந்து பார்க்கும் நிலை வந்தாலே உள்ளே ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒற்றுமையாக இருக்கிற வீட்டில் யாரும் தோசையை எண்ணுவதில்லை.

அடுத்தது பட்டம். படம் அப்படியே இருக்கும், படத்துக்குக் கீழே இருந்த பதவி மட்டும் காணாமல் போகும். "கழக ஒருங்கிணைப்பாளர்" போய் "அண்ணன்" வரும். பதவியை எழுதினால் எதிர் அணி கோபிக்கும், எழுதாவிட்டால் சொந்த அணி கோபிக்கும், அதனால் அண்ணன். உறவுமுறைச் சொல் அதிகமாகிறது என்றால் பதவியின் மேல் வழக்கு இருக்கிறது, அல்லது வரப்போகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உயிரோடு இருக்கிற தலைவர்கள் மோதிக்கொண்டால் போஸ்டரில் மறைந்த தலைவர்கள் பெரிதாவார்கள். எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யாதவர் எம்.ஜி.ஆர். படத்தையும் ஜெயலலிதா படத்தையும் முழு போஸ்டருக்கும் போடச் சொல்லி, கீழே தன் பெயரை மட்டும் வைப்பார். 2017 பிப்ரவரியில் இப்படி ஒரே வாரத்தில் ஏழு பேர் வந்தார்கள். அந்த டிசைன்களை வைத்திருக்கிற ஃபோல்டருக்கு "மதில்" என்று பெயர் வைத்திருக்கிறேன். மதில் ஃபோல்டரில் எத்தனை சேர்கிறது என்பதுதான் என் கருத்துக்கணிப்பு. நிறையச் சேர்ந்தால் சண்டை இன்னும் முடியவில்லை. திடீரென்று சேர்வது நின்றால் ஒரு பக்கம் ஜெயித்துவிட்டது, செய்தி இன்னும் பேப்பரில் வரவில்லை, அவ்வளவுதான்.

கீழே உள்ள பெயர்ப் பட்டியல்

இதை நிறையப் பேர் பார்ப்பதில்லை. "இவண்" என்று போட்டு வரிசையாகப் பெயர் வரும் இடம். சாதாரண நாளில் அங்கே இடம் பிடிக்க அடிதடி. கிளைச் செயலாளர், வட்டப் பிரதிநிதி, மகளிரணி, இளைஞரணி, ஒன்றியம் என்று எழுத்தை எட்டுப் பாயிண்டுக்குக் குறைத்தாலும் அடங்காது. என் பெயர் விட்டுப்போச்சு என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்.

சண்டை வந்தால் நேர் எதிர். "அண்ணே, என் பேரை இந்தத் தடவை போட வேணாம். மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்." பட்டியல் முப்பதிலிருந்து பன்னிரண்டாகும், பன்னிரண்டு ஐந்தாகும். பெரிய தலைவர் கட்சி மாறுவதற்கு முன்னால் இந்தச் சின்னப் பெயர்கள் இறங்கிவிடும். அவர்களுக்குத்தான் தெரு தெரியும், பூத் தெரியும், யார் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியும். நகரச் செயலாளர் என்ன சொன்னார் என்பதைவிட, பத்தாவது பெயராக இருந்தவர் இந்த வாரம் இருக்கிறாரா என்று பாருங்கள்.

பணமும் இங்கேதான் தெரியும். நம்பிக்கையாக இருக்கிற கட்சிக்காரர் கடன் சொல்வார், கணக்கில் எழுதச் சொல்வார், ஜெயித்ததும் தருவார் அல்லது தரமாட்டார். தோல்வி பயம் வந்தவர் வேறு மாதிரி. பாதி அளவு சொல்லுவார், ஐந்நூறு போஸ்டருக்குப் பதில் இருநூறு. மீதிப் பணத்தை யாரிடமாவது கொடுத்துச் சேமிக்கிறாரோ என்னவோ. ஒரு தேர்தலில் ஒரு பிரமுகர் என்னிடம் மூன்று லாரிக்கு ஃப்ளெக்ஸ் சொல்லிவிட்டு, ஓட்டு எண்ணிக்கைக்கு இரண்டு நாள் முன்னால் போனை அணைத்துவிட்டார். எந்தக் கட்சி, எந்தத் தேர்தல் என்று கேட்காதீர்கள். அந்த ஃப்ளெக்ஸ் எல்லாம் இன்று எங்கள் தெருவில் மாட்டுக் கொட்டகைக் கூரை. மழைக்கு நல்லாத்தான் இருக்கிறது.

கையெழுத்து யாருடையது

படமும் பட்டியலும் கட்சிக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்லும். கடைசியில் யார் ஜெயிப்பார் என்று அவை சொல்லாது. அதற்கு வேறு கேள்வி: யார் கையெழுத்து செல்லும்?

இது எனக்குத் தொழிலிலேயே கிடைத்த பாடம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ என்று ஒன்று இருக்கிறது. தேர்தல் துண்டறிக்கையோ போஸ்டரோ அடித்தால் அதில் அச்சடித்தவர், வெளியிடுபவர் பெயர், முகவரி இருக்க வேண்டும். வெளியிடுபவர் ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். மேடையில் மைக்கை விழுங்குகிற ஆள்கூட இந்தத் தாளை நீட்டினால் பேனா எழுதவில்லை என்பார். நான் இன்னொரு பேனா கொடுப்பேன்.

கட்சிக்கும் இதே கதைதான். இரட்டை இலையில் நிற்க வேண்டும் என்றால் வேட்பாளர் கையில் ஏ படிவமும் பி படிவமும் இருக்க வேண்டும். ஏ படிவத்தில், சின்னம் ஒதுக்க யாருக்கு அதிகாரம் என்று கட்சித் தலைமை தேர்தல் அதிகாரிக்குச் சொல்கிறது. பி படிவத்தில் அந்த அதிகாரம் பெற்றவர், இன்னார்தான் எங்கள் வேட்பாளர் என்று சொல்கிறார். கையெழுத்து இல்லையென்றால் சின்னம் இல்லை. நீ எவ்வளவு பெரிய விசுவாசி என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

2022இல் இதைக் கண்ணால் பார்த்தோம். ஜூலை 9ஆம் தேதி உள்ளாட்சி இடைத்தேர்தல்கள். இரட்டைத் தலைமை விதிப்படி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடத் தயார் என்று ஓ.பி.எஸ். கடிதம் எழுதினார். ஒருங்கிணைப்பாளர் பதவியே காலாவதியாகிவிட்டது என்று எடப்பாடி தரப்பு பதில் சொன்னது. விளைவு, அதிமுகவினர் இரட்டை இலை இல்லாமல் சுயேச்சைகளாக நின்றார்கள். ஒரு வார்டு உறுப்பினர் ஆசையில் வீட்டுச் சுவரில் இலை வரைந்து வைத்தவர் அதன் மேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வருடம் இன்னும் சுவாரசியம். ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல், 2023 பிப்ரவரி. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது, இருவரில் யார் கையெழுத்தும் உறுதியில்லை. வேட்பாளரைப் பொதுக்குழு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கட்டும், அந்த முடிவை அவைத்தலைவர் தமிழ்மகன் உசேன் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பட்டும் என்று நீதிமன்றம் வழி சொன்னது. அதுவரை அவைத்தலைவர் என்றால் கூட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் என்றுதான் ஊரில் நினைத்திருந்தோம். ஒரு வாரம் அவர் கையெழுத்துதான் கட்சி. அதே மாதம் 23ஆம் தேதி, எடப்பாடியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கிய 2022 ஜூலை 11 பொதுக்குழு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மார்ச் 28ஆம் தேதி எடப்பாடி பொதுச்செயலாளரானார். என் கடையில் மதில் ஃபோல்டர் அன்றோடு நின்றது.

ஆகவே சண்டை வந்ததும் கட்சி விதிப்புத்தகத்தை ஒருமுறை புரட்டுங்கள். மூன்று விஷயம் தேடினால் போதும்: பொதுக்குழுவைக் கூட்ட யாருக்கு அதிகாரம், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டால் கூட்டியே ஆக வேண்டும், வேட்பாளர் படிவத்தில் யார் கையெழுத்து. அதிமுகவில் அப்போது பொதுக்குழுவில் இரண்டாயிரத்து அறுநூறு பேருக்கு மேல். கோடித் தொண்டர்கள் என் பக்கம் என்று யார் சொன்னாலும் எண்ணப்படுவது அந்த இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

இந்த எண்ணும் வழக்கம் பழையது. 1969இல் காங்கிரஸ் உடைந்து, பூட்டிய காளை யாருக்கு என்று அடித்துக்கொண்டபோது, எம்.பி., எம்.எல்.ஏ.க்களிலும் கட்சி அமைப்பிலும் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்ப்பதுதான் முறை என்று தேர்தல் ஆணையம் எடுத்துக்கொண்டது. 1971இல் சாதிக் அலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆணையத்துக்கு இந்த அதிகாரம் தருவது சின்னங்கள் ஆணை 1968, பத்தி 15. இதற்காகத்தான் 2017இல் கட்டுக் கட்டாகப் பிரமாணப் பத்திரங்கள் டெல்லிக்குப் போயின. அந்த மாதங்களில் என் ஜெராக்ஸ் மெஷினுக்கு ஓய்வே இல்லை. ஒரே ஆள் இரண்டு அணிக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு நகலும் என்னிடமே எடுத்தார். இரண்டுக்கும் காசு வாங்கினேன்.

எம்.எல்.ஏ.க்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2017 பிப்ரவரியில் சசிகலா பக்கத்து எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்ட கூவத்தூர் விடுதியை நாடே பார்த்தது, 18ஆம் தேதி சட்டமன்றத்தில் எடப்பாடி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு 122க்கு 11 என்று முடிந்தது. கட்சித்தாவல் தடைச் சட்டம் கழுத்தில் இருக்கும்போது எம்.எல்.ஏ. மனசு எங்கே போனாலும் கால் போகாது. கட்சி மாறுகிறவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைந்தால் பதவி போய்விடும். அதே வருடம் செப்டம்பரில் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற 18 பேர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அதில் எங்கள் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் உண்டு. அப்புறம் யார் அசைவார்?

சின்னத்தின் கணக்கு: 1989

எனக்கு அப்போது 14 வயது. தேனி மதுரை மாவட்டத்தில் இருந்தது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்தார். ஜானகி அம்மா முதலமைச்சரானார், ஒரு மாதம்கூட நிற்கவில்லை, 1988 ஜனவரி 30இல் ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சி ஜா அணி, ஜெ அணி என்று இரண்டானது. இரட்டை இலையை முடக்கி, ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா.

விதியைப் பாருங்கள், தேனிக்கு மேற்கே போடியில் ஜெயலலிதா நின்றார், கிழக்கே ஆண்டிபட்டியில் ஜானகி நின்றார். இரண்டும் அரை மணி நேர பஸ். அப்பாவின் அச்சகத்தில் காலையில் சேவல், சாயங்காலம் புறா. இரண்டுக்கும் மதுரையிலிருந்து அச்சு பிளாக் செய்து வந்தது. இலை பிளாக்கை அப்பா மண்ணெண்ணெய்த் துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரிக்கு மேல் வைத்தார். ஏன் வைக்கிறீர்கள், உருக்கிவிடலாமே என்று கேட்டேன். "இரு பாப்போம்" என்றார்.

1989 ஜனவரி 21 தேர்தல். திமுக 150 இடம். சேவல் 27, காங்கிரஸ் 26, புறா 2. போடியில் ஜெயலலிதா ஜெயித்தார், ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். இப்போது ஓட்டைப் பாருங்கள். திமுகவுக்குக் கிட்டத்தட்ட 33 சதவீதம். சேவலுக்கு 21, புறாவுக்கு 9. இரண்டையும் கூட்டினால் 30. மூன்று சதவீத வித்தியாசம், ஆனால் இடங்களில் 150க்கு 29. உடைந்த கட்சி தோற்பது ஓட்டு குறைவதால் அல்ல, ஓட்டு ஒரே பெட்டியில் விழாததால்.

பிப்ரவரியில் அணிகள் இணைந்தன. ஜானகி அம்மா அரசியலை விட்டு ஒதுங்கினார், இலை திரும்பி வந்தது. அப்பா ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை எடுத்தார். மார்ச் மாதம் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் தேர்தல், இரண்டிலும் இலை ஜெயித்தது. ஆளுங்கட்சிக்கு ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த வருடக் கடைசியில் நாடாளுமன்றத் தேர்தலில் அதிமுக, காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டில் 39இல் 38ஐ அள்ளியது. ஜனவரியில் செத்த கட்சி என்று எழுதியவர்கள் நவம்பரில் வேறு ஏதோ எழுதினார்கள்.

இதைக் கேட்டுவிட்டுச் சின்னம் இருந்தால் ஜெயிப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகரில் இலை ஒன்றுபட்ட அணியிடம்தான் இருந்தது. குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், திமுக டெபாசிட் இழந்தது. ஒரு தொகுதியில் எல்லாத் தலைவரும் எல்லாப் பணமும் இறங்குகிற இடைத்தேர்தல் வேறு, 234இல் நிற்பது வேறு. அதே குக்கர் 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடம்கூட எடுக்கவில்லை. இடைத்தேர்தல் முடிவை வைத்துக் கட்சியின் எதிர்காலத்தைச் சொல்கிற ஆளைப் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எது முதலில் வந்தது

எல்லோரும் சொல்வது: தலைவர்கள் சண்டை போட்டார்கள், அதனால் தோற்றார்கள். பாதி நேரம் வண்டி மாட்டுக்கு முன்னால் நிற்கிறது. தோற்றுவிடுவோம் என்ற பயம்தான் சண்டையைக் கிளப்புகிறது.

எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். 2021இல் அதிமுக 66 இடத்தோடு எதிர்க்கட்சியானது. தேனி மாவட்டத்தில் நாலு தொகுதியில் மூன்று போய்விட்டது, போடியில் ஓ.பி.எஸ். மட்டும் சுமார் 11 ஆயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல், 21 மாநகராட்சியும் திமுக கூட்டணிக்கு. முடிவு வந்து பத்து நாள்கூட இருக்காது, பெரியகுளம் பக்கம் கைலாசப்பட்டியில் இருக்கும் ஓ.பி.எஸ்.ஸின் பண்ணை வீட்டில் தேனி மாவட்ட நிர்வாகிகள் கூடி, சசிகலாவையும் தினகரனையும் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கொள்கையா? எடப்பாடியின் சேலத்துக்கும் ஓ.பி.எஸ்.ஸின் தேனிக்கும் என்ன கொள்கைத் தகராறு? எங்கள் பகுதியில் ஓட்டு சிதறுகிறது, அடுத்த தடவை டெபாசிட் மிஞ்சுமா என்ற பயம். அடுத்த மூன்று மாதத்தில் ஒற்றைத் தலைமைக் கோஷம், அப்புறம் வானகரம்.

ஆகவே சண்டைச் செய்தி வந்ததும் காலண்டரைப் பின்னால் புரட்டி, கடைசித் தேர்தல் தோல்வி எப்போது என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் சண்டை பயத்தில் பிறந்தது. பயத்தில் பிறந்த சண்டை எளிதில் சமாதானமாகாது. ஒவ்வொருவரும் மற்றவரால்தான் தோற்றோம் என்று நிஜமாகவே நம்புகிறார்கள்.

பயம் வேறு எங்கே தெரியும்? வேட்பாளர் தன் படத்தைப் பெரிதாக்கித் தலைவர் படத்தைச் சின்னதாக்கினால், தலைவர் பெயரில் ஓட்டு விழாது என்று நினைக்கிறார். பூத் கமிட்டிப் பட்டியல் அடிக்கக் கொடுக்கும்போது ஒரே போன் நம்பர் நாலு பெயருக்கு எதிரே இருந்தால், அந்த பூத்தில் ஆள் இல்லை. எதிர்க்கட்சி வேட்பாளர் வீட்டுக் காதுகுத்துக்கு இவர்கள் ஃப்ளெக்ஸ் வைத்தால், சரி, விடுங்கள்.

உங்கள் பூத்தை நீங்களே எண்ணுங்கள்

இது கொஞ்சம் வேலை. ஆனால் இதைச் செய்தவர்கள் டிவி பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 கிடைக்கும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டு அதில் இருக்கிறது. உங்கள் தொகுதியின் கடைசி இரண்டு, மூன்று தேர்தல்களை இறக்கி, ஒரு நோட்டில் உங்கள் பூத் எண்ணை மட்டும் எழுதுங்கள். பூத் எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துச் சரிபாருங்கள்.

மூன்று கட்டம் போதும். கட்சி வாங்கியது, பிரிந்து போனவர் வாங்கியது, ஜெயித்தவர் வாங்கியது. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவதைத் தாண்டுகிறதா? தாண்டினால் உங்கள் தெருவில் பிரச்சினை பிளவு. தாண்டாவிட்டால் பிரச்சினை பிளவு இல்லை, ஜனங்களுக்குக் கட்சியே பிடிக்கவில்லை, தலைவர்கள் கட்டிப்பிடித்தாலும் ஒன்றும் நடக்காது. இரண்டாவது விஷயத்தைக் கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். என் தெருவில் நான் கூட்டிப் பார்த்துக் காட்டியதற்கு ஒருவர் மூன்று மாதம் கடைப் பக்கம் வரவில்லை.

கூட்டும்போது ஒரு ஜாக்கிரதை. பிரிந்தவர் வாங்கிய ஓட்டு எல்லாம் பழைய கட்சி ஓட்டு இல்லை. அவர் சாதி, அவர் ஊர், அவர் செய்த உதவி, அவர் கூட்டணி எல்லாம் அதில் இருக்கும். 2024இல் ஓ.பி.எஸ். ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று இரண்டாம் இடம் வந்தார். அதே பெயரில் மேலும் சில பன்னீர்செல்வங்கள் அதே தொகுதியில் நின்றார்கள், அந்தக் கூத்து தனி. அவர் வாங்கிய ஓட்டில் பாஜக கூட்டணி எவ்வளவு, சொந்த ஓட்டு எவ்வளவு என்று பிரிக்க எந்தத் தராசும் இல்லை. அந்தத் தேர்தலில் அதிமுக கூட்டணிக்கு 39இல் ஒன்றும் இல்லை.

ஆளும் சரக்கு மாதிரி இடம் மாறும் என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆண்டிபட்டியில் 2016இல் இலையில் ஜெயித்த தங்க தமிழ்ச்செல்வன் தகுதி நீக்கமாகி, 2019இல் தேனி நாடாளுமன்றத்துக்குத் தினகரனின் அமமுகவில் நின்று, அதன் பிறகு திமுகவுக்குப் போய், 2024இல் தேனி எம்.பி. ஆனார். அப்போது தோற்றவர் அவருடைய பழைய தலைவர் தினகரன். 2019 ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் திமுகவில் அண்ணன் மகாராஜன், அதிமுகவில் தம்பி லோகிராஜன், அண்ணன் ஜெயித்தார். வெளியூர்க்காரர்களுக்கு இது தமாஷ். எங்களுக்குப் போஸ்டரில் ஒரே இனிஷியல் இரண்டு தடவை வந்தால் சரியான கட்டுக்குப் போகிறதா என்ற தலைவலி.

கடைசியாக, என்னைப் போல் அச்சகம் வைத்திருக்கிற தம்பிகளுக்கு. சண்டை நேரத்தில் முழுப் பணம் முன்னால் வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். யார் படம் என்று வாயால் சொன்னதை நம்பாமல் ப்ரூஃபில் கையெழுத்து வாங்குங்கள். "நீங்களே ஏதாவது போட்டுக் குடுங்கண்ணே" என்று சொல்கிறவருக்கு ஒன்றும் போடாதீர்கள், நாளைக்கு உங்கள் தலையில் கட்டுவார். படத்தை எடுக்கச் சொன்னால் எடுங்கள், ஆனால் ஃபைலிலிருந்து அழிக்காதீர்கள். தனி லேயரில் போட்டு மறைத்து மட்டும் வையுங்கள். அந்தப் பொங்கல் போஸ்டர் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, இரண்டு முகமும் ஒரே அளவில்.